சைமன் வான் டெர் ஸ்டெல்

சைமன் வான் டெர் ஸ்டெல் (அக்டோபர் 14, 1639 – ஜூன் 24, 1712) தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அமைந்த ஒல்லாந்தக் குடியேற்றத்தை 1679 முதல் 1699 வரை ஆட்சி செய்தவர் ஆவார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியரான இவர் ஸ்டெல்லன்போஷ் நகரையும் கான்ஸ்டான்ஷியா திராட்சைத் தோட்டத்தையும் நிறுவினார். கடற்கரைச் சாலை வழியே சென்று திராட்சைத் தோட்டங்களையும் மது வடிப்பகங்களையும் காண்பதற்காக உலகெங்குமிருந்து பயணிகள் வரும் கேப் திராட்சை நாடு, பெரும்பாலும் இவர் வகுத்த நிலத்திலேயே அமைந்துள்ளது. 1685-86 ஆம் ஆண்டுகளில் செம்பைத் தேடி இவர் வடக்கே நாமக்குவாலாந்து வரை மேற்கொண்ட ஐந்து மாத வண்டிப் பயணமும் புகழ் பெற்றது.

இவருடைய தாய்வழிப் பாட்டி இந்தியக் கடற்கரையிலிருந்து அடிமையாகக் கொண்டு செல்லப்பட்ட பெண் ஆவார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு தன் முன்னோடிகளுள் ஒருவராக இவரைப் போற்றிய போது இச்செய்தி அதிகம் பேசப்படவில்லை.

பிறப்பும் குடும்பமும்

சைமன் கடலில் பிறந்தவர். இவரது தந்தை அத்ரியான் வான் டெர் ஸ்டெல் மொரீசியஸ் தீவின் ஒல்லாந்தத் தளபதியாக அமர்த்தப்பட்டுத் தம் மனைவியுடன் கப்பலில் சென்று கொண்டிருந்த போது, அத்தீவை அடையும் முன்னரே குழந்தை பிறந்தது. மொரீசியஸ் தீவுக்கு ஜாவாவிலிருந்து மான்களையும் கரும்பையும் முதலில் கொண்டு சென்றவர் அத்ரியான் ஆவார். அக்கரும்பை வெட்டுவதற்காக இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் தமிழரும் பீகாரிகளும் அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

தாயார் மரியா லீவன்ஸ். மரியாவின் தந்தை ஹென்றிக் லீவன்ஸ் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வாழ்ந்த ஒல்லாந்தர். மரியாவின் தாய் மோனிக்கா, விடுதலை பெற்ற இந்திய அடிமை. ஆவணங்களில் இவர் கடற்கரையைச் சேர்ந்த மோனிக்கா என்ற பொருளில் குறிக்கப்படுகிறார். அது கோவாக் கரை என்று கூறுவோரும் உண்டு. சோழமண்டலக் கரை என்று கூறுவோரும் உண்டு. ஒல்லாந்தக் கம்பனியின் எழுத்து வழக்கில் வெறுமனே கடற்கரை என்றால் பெரும்பாலும் சோழமண்டலக் கரையையே குறிக்கும். பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தேவியாவுக்குத் துணியுடன் அடிமைகளும் ஏற்றப்பட்ட காலம் அது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் இவ்வாறு விற்கப்பட்டோரின் தொகை பெருகியது.

அத்ரியான் பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டார். 1646 ஆம் ஆண்டில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படைகளுடன் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். அவர் தலை வெட்டப்பட்டது. சைமனுக்கு அப்போது ஆறு வயது. தாயாரும் சில ஆண்டுகளில் காலமானார். சைமன் பத்தேவியாவிலேயே வளர்ந்து, ஏறத்தாழ இருபதாம் வயதில் ஒல்லாந்து சென்றார். அதுவரை அவர் ஐரோப்பாவைக் கண்டதில்லை.

ஒல்லாந்தில்

1663 இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் செல்வாக்கு மிக்க சிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த யொஹானா யாக்கோபா என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். மியூடர்பெர்க் என்னும் ஊரில் திராட்சை பயிரிட்டு வைன், பிராந்தி ஆகியவற்றைத் தயாரிக்கும் முறைகளை அறிந்து கொண்டார். குளிர் மிகுந்த ஒல்லாந்து திராட்சைக்கு ஏற்ற நாடு அன்று. ஆயினும் அங்கு பெற்ற பட்டறிவே பின்னாளில் இவருக்குப் பயன்பட்டது.

1679 இல் கேப் குடியேற்றத்தின் தளபதியாக அமர்த்தப்பட்டார். பிள்ளைகளும் மனைவியின் தங்கை கொர்னேலியாவும் உடன் சென்றனர். மனைவி ஒல்லாந்திலேயே தங்கிவிட்டார். அவர் 1700 இல் இறக்கும் வரை கணவனும் மனைவியும் மீண்டும் சந்திக்கவில்லை.

ஸ்டெல்லன்போஷ்

1679 அக்டோபரில் இவர் வந்திறங்கிய போது கேப் என்பது கிழக்கே செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, இறைச்சி வழங்கும் ஒரு தங்குதுறை மட்டுமே. ஒரு கோட்டை, கம்பனித் தோட்டம், சில நூறு ஐரோப்பியர், அடிமைகள் ஆகியோரே அங்கு இருந்தனர். கம்பனியின் அடிமைகள் தங்கும் கட்டடமும் அதே ஆண்டிலேயே கட்டப்பட்டது.

வந்த சில வாரங்களிலேயே சைமன் உள்நாட்டைப் பார்வையிடப் புறப்பட்டார். நவம்பர் மாதத்தில் ஈர்ஸ்டே ஆற்றின் கரையில், மலைகள் சூழ்ந்த பசுமையான பள்ளத்தாக்கு ஒன்றில் கூடாரமிட்டார். அவ்விடத்துக்குத் தம் பெயரையே சூட்டினார். ஸ்டெல்லன்போஷ் என்பதற்கு ஸ்டெல்லின் காடு எனப் பொருள் கொள்ளலாம். 1680 மே மாதத்தில் எட்டுக் குடும்பங்கள் அங்கு குடியேறின. தெருக்களின் இருமருங்கும் ஓக் மரங்கள் நடப்பட்டதால் அவ்வூருக்கு ஓக் நகரம் என்னும் பெயரும் உண்டு. ஓக் மரம் அங்கு விரைவாக வளர்ந்து விடுவதால் அதன் கட்டை மதுப் பீப்பாய் செய்ய உதவவில்லை என்பது பின்னரே தெரிய வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் தம் பிறந்த நாளை ஒட்டி இவர் ஸ்டெல்லன்போஷ் சென்று தங்குவது வழக்கம். அப்போது சந்தை கூடும். மரத்தாலான கிளியைக் கம்பத்தில் கட்டிக் குறி பார்த்துச் சுடும் போட்டி நடைபெறும். அப்போட்டி நடந்த குன்று இன்றும் கிளிக் குன்று என்று பொருள்படும் பெயராலேயே வழங்குகிறது.

திராட்சையும் மதுவும்

கேப் பகுதியில் முதன்முதலில் திராட்சை மது பிழிந்தவர் இவர் அல்லர். குடியேற்றத்தின் நிறுவனரான யான் வான் ரீபெக் 1659 பெப்ரவரி 2 அன்றே அதனைச் செய்தார். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளிலும் கிடைத்த மது புளிப்பு மிகுந்ததாகவும் கப்பல் மாலுமிகளும் முகம் சுளிப்பதாகவும் இருந்தது. குடியானவர்கள் பறவைகளுக்கு அஞ்சிப் பழம் கனியும் முன்னரே பறித்துவிட்டதும், பீப்பாய்களைத் தூய்மையாக வைத்திராததும் இதற்குக் காரணங்கள்.

சைமன் இதனைச் சட்டத்தால் மாற்ற முயன்றார். தோட்டத்தைத் தளபதியோ அவர் சார்பானவர்களோ பார்வையிட்டுப் பழம் கனிந்துவிட்டது எனக் கூறும் முன் பிழிந்தால் 60 ரிக்ஸ்டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. பீப்பாய்த் தூய்மையும் வற்புறுத்தப்பட்டது. காடுகளை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்து, வெட்டிய இடத்தில் ஓக் கன்று நடுமாறும் பணித்தார்.

கேப் பகுதியின் காலநிலை திராட்சைக்கு மிக ஏற்றது. அங்கு மழை குளிர்காலமான சூன் முதல் ஆகத்து வரை பெய்கிறது. பழம் கனியும் கோடைகாலம் வறண்டது. எனவே பழம் நீர்த்துப் போவதில்லை. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் கொடி உறங்கும் குளிர்காலம் இல்லாமையால் கவாத்து செய்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை பெறுகின்றனர். கேப்பில் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். அது பெப்ரவரியை ஒட்டி நடைபெறும்.

1685 இல் கம்பனியின் ஆணையர் ஹென்றிக் வான் ரீட் கேப் வந்தார். கேரளத்தின் செடிகொடிகளைப் பற்றிய 12 தொகுதிகள் கொண்ட ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலை இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியர்களின் துணையுடன் உருவாக்கியவர் இவரே. கம்பனி ஊழியர் சொந்தமாகப் பெருநிலம் வைத்திருப்பது முறையன்று எனக் கருதப்பட்ட போதிலும், வான் ரீட் 1685 சூலை 13 அன்று மேசை மலையின் பின்புறத்தில் 891 மோர்கன் (ஏறத்தாழ 760 ஹெக்டேர்) நிலத்தைச் சைமனுக்கு வழங்கினார். அதுவே கான்ஸ்டான்ஷியா. பெயர்க் காரணம் பலவாறு கூறப்படுகிறது. 1658 இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகியவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ரைக்லொப் வான் கூன்ஸின் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயர் என்பது அவற்றுள் ஒன்று.

அந்நிலம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று. மலைச்சரிவு தென்கிழக்கே வளைகுடாவை நோக்கியிருப்பதால் கடற்காற்று கோடை வெப்பத்தைத் தணிக்கிறது. சைமன் அங்கு மாளிகை கட்டி, பல வகைத் திராட்சைகளைப் பயிரிட்டு, தாமே முன்நின்று மது தயாரித்தார்.

செப்பு மலைப் பயணம்

வடக்கே வாழும் நாமா மக்கள் 1680களின் தொடக்கத்தில் கோட்டைக்குச் செப்புத் தாதுவைக் கொண்டு வந்து காட்டினர். கம்பனியின் ஆர்வம் தூண்டப்பட்டது. முன்னர் அனுப்பப்பட்ட குழுக்கள் மலையை அடையாமல் திரும்பவே, 1685 ஆகத்து 25 அன்று சைமன் தாமே புறப்பட்டார்.

அப்பயணம் ஒரு சிறு ஊரே நகர்வது போன்றது. 15 பெரிய மாட்டு வண்டிகள், சிறு வண்டிகள், சிறு பீரங்கிகள், ஐம்பதுக்கு மேற்பட்ட ஐரோப்பியர், அடிமைகள், கொய்கொய் வழிகாட்டிகள் ஆகியோருடன் ஆறுகளைக் கடப்பதற்காக ஒரு படகும் வண்டியில் ஏற்றப்பட்டிருந்தது. தளபதி குதிரை வண்டியில் சென்றார். வழியில் காண்டாமிருகம் ஒன்று அவ்வண்டியை நோக்கிப் பாய, அவர் கீழே குதித்துத் தப்பினார்.

கேப் டவுனிலிருந்து செப்பு மலை இருக்கும் இன்றைய ஸ்பிரிங்பொக் வரை ஏறத்தாழ 550 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிவகாசியை அடுத்த தாயில்பட்டிக்குச் செல்லும் தொலைவும் ஏறக்குறைய இதுவே. இன்று ஒரு பகலில் கடக்கும் இவ்வழியைக் கடக்க அவர்களுக்கு எட்டு வாரங்கள் ஆயின. தொடக்கத்தில் வழி பசுமையாக இருந்தது. குளிர்கால மழைக்குப் பின் ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் அந்நிலம் முழுவதும் செம்மஞ்சள், வெண்மை நிறக் காட்டுப் பூக்களால் மூடப்படும். வடக்கே செல்லச் செல்லத் தண்ணீர் குறைந்து பாறையும் மணலும் மிகுந்தன.

1685 அக்டோபர் 21 அன்று செப்பு மலையை அடைந்தனர். சுரங்கக் குழிகள் தோண்டப்பட்டன. தாது உயர்ந்த தரமுடையதாக இருந்தது. ஆனால் உருக்குவதற்கு விறகு இல்லை, ஆட்களுக்குத் தண்ணீர் இல்லை, கப்பலேற்றத் துறைமுகம் இல்லை. எனவே திரும்பும் போது குழு மேற்கே கடற்கரைப் பக்கம் சென்று துறைமுகத்துக்கு ஏற்ற குடாவைத் தேடியது. மூடுபனியும் அலையும் மோதும் அக்கரையில் அப்படியோர் இடம் கிட்டவில்லை. 1686 சனவரி 26 அன்று கோட்டைக்குத் திரும்பினர். அச்செம்பு வணிக முறையில் வெட்டி எடுக்கப்பட்டது 1852 இல்தான். கம்பனியின் கணக்கில் பயணம் தோல்வியே.

எனினும் அறிவியலுக்கு அது தோல்வியன்று. உடன் சென்ற ஓவியர் ஹென்றிக் கிளாடியஸ் வழியிற் கண்ட செடி, விலங்கு, ஊர்வன ஆகியவற்றை வண்ணத்தில் வரைந்தார். கிளைகளைக் குடைந்து அம்பறாத்தூணி செய்யப் பயன்படும் தூணி மரம் என்னும் மரக்கற்றாழையைப் பற்றி ஐரோப்பியர் அறிந்ததும் இப்பயணத்தின் வழியாகவே. கிளாடியசுக்கு இப்பணி நன்மை தரவில்லை. 1685 இல் சயாம் செல்லும் வழியில் கேப்பில் தங்கிய பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கி தாஷாருக்கு அவர் படங்களையும் செய்திகளையும் கொடுத்திருந்தார். தாஷார் அதனைத் தம் நூலில் வெளியிட்டுவிடவே, கம்பனியின் இரகசியத்தை வெளியிட்டதாகக் கிளாடியஸ் கேப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். தாஷார் பின்னர் புதுச்சேரி இயேசு சபையினரின் தலைவராக இருந்து, 1712 இல் வங்காளத்தின் சந்திரநாகூரில் இறந்தார்.

பயணக் குறிப்பேட்டின் ஒரு படி அயர்லாந்தின் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் கிடைத்து 1932 இல் அச்சேறியது.

இயூகனோக்கள்

பிரான்சில் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமை 1685 இல் நீக்கப்பட்டதால் நாட்டை விட்டு ஓடிய இயூகனோக்கள் எனப்படுவோரில் ஒரு பகுதியினர் 1688 முதல் கேப் வந்து சேர்ந்தனர். இவர்களுள் திராட்சைத் தொழில் அறிந்தோர் இருந்தனர். சைமன் இவர்களுக்கு டிராக்கன்ஸ்டைன் பள்ளத்தாக்கிலும், பிரெஞ்சு மூலை என்று பொருள்படும் பிரான்ஸ்ஹூக் பகுதியிலும் நிலம் அளித்தார். ஆனால் ஒல்லாந்தரின் தோட்டங்களுக்கு இடையிடையே குடியமர்த்தினார். தனித் திருச்சபை வேண்டும் என்று கேட்டபோது சினந்தார். ஓரிரு தலைமுறைகளில் பிரெஞ்சு மொழி அங்கு மறைந்தது. குடும்பப் பெயர்களும் தோட்டப் பெயர்களும் மட்டுமே எஞ்சின.

கொய்கொய் மக்களும் அடிமைகளும்

திராட்சை நாடாக மாறிய நிலம் ஆளில்லாத நிலம் அன்று. மாடு மேய்த்து வாழ்ந்த கொய்கொய் மக்கள் பருவத்துக்கேற்ப இடம் மாறி வந்த மேய்ச்சல் நிலமும் நீர்நிலைகளும் அவை. குடியானவர்களுக்குப் பட்டா வழங்கப்பட வழங்கப்பட அவர்கள் விலக்கப்பட்டனர். கம்பனிக்கு நெடுநாள் நண்பனாக இருந்து மாடுகளைப் பெற்றுத் தந்த டோர்ஹா என்னும் கொய்கொய் தலைவனை 1693 இல் சைமன் கைது செய்து ராபன் தீவுக்கு அனுப்பினார். நெல்சன் மண்டேலா பிற்காலத்தில் சிறை வைக்கப்பட்ட தீவும் இதுவே. சைமனின் ஆட்சியைப் புகழும் வரலாற்றாசிரியர்களும் இச்செயலுக்கு நல்ல விளக்கம் தர இயலவில்லை.

தோட்டங்களில் குழி வெட்டி, கொடி நட்டு, பழம் பறித்து, பிழிந்தோரில் பெரும்பாலோர் அடிமைகள். மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து இவர்கள் கொண்டு வரப்பட்டனர். சொந்தப் பெயர் பறிக்கப்பட்டு, ஒரு ஐரோப்பியப் பெயரும் புறப்பட்ட ஊரின் பெயரும் சேர்த்துப் பதியப்பட்டனர். சோழமண்டலத்து இன்னார், மலபாரின் இன்னார் என்று வரும் அப்பெயர்ப் பட்டியல்களே அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை. 1860 இல் துரூரோ கப்பலில் நத்தாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரிலிருந்தே தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு பொதுவாகத் தொடங்கப்படுகிறது. தமிழ்க் கரையிலிருந்து சென்றோரின் கதை அதற்கு இரு நூற்றாண்டுகள் மூத்தது. மோனிக்காவின் பேரன் ஆண்ட தோட்டத்தில் மோனிக்காவைப் போலவே கடற்கரையிலிருந்து விற்கப்பட்டோர் உழைத்தனர். தம் பாட்டியின் நிலையை எண்ணி அவர் அடிமை முறையைத் தளர்த்தியதற்குச் சான்று ஏதும் இல்லை.

இறுதிக் காலம்

1691 இல் சைமனின் பதவி ஆளுநர் என உயர்த்தப்பட்டது. 1699 இல் ஓய்வு பெற்றுக் கான்ஸ்டான்ஷியாவில் வாழ்ந்தார். மூத்த மகன் வில்லெம் அத்ரியான் அடுத்த ஆளுநரானார். வெர்கலெகன் என்னும் பெருந்தோட்டத்தை உருவாக்கிய வில்லெம், கப்பல்களுக்கு மதுவும் இறைச்சியும் விற்கும் உரிமையைத் தம்மைச் சார்ந்தோரிடமே குவித்துக் கொண்டார். இதனை எதிர்த்து ஆதம் தாஸ் முதலிய 63 குடியானவர்கள் கையொப்பமிட்டு முறையிட்டனர். 1707 இல் வில்லெம் பதவி நீக்கப்பட்டு ஒல்லாந்துக்கு அழைக்கப்பட்டார். தந்தை தொடங்கி வைத்த நிலவுடைமை வழக்கத்தின் விளைவே மகனின் வீழ்ச்சி எனலாம்.

சைமன் 1712 சூன் 24 அன்று காலமானார். அவருக்குப் பின் கான்ஸ்டான்ஷியா மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மாளிகை இருந்த பகுதி குரூட் கான்ஸ்டான்ஷியா எனப்பட்டது. 1778 இல் அதனை வாங்கிய ஹென்றிக் குளூட்டே குடும்பத்தார், பழத்தைக் கொடியிலேயே பாதி உலரவிட்டுத் தயாரித்த இனிப்பு மது ஐரோப்பிய அரண்மனைகளில் புகழ் பெற்றது. செயிண்ட் ஹெலனாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது அனுப்பப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சி நோய் தோட்டங்களை அழித்தது. 1925 இல் மாளிகை தீக்கிரையாகிப் பின் பழைய வடிவிலேயே கட்டப்பட்டது. தற்போது அது அருங்காட்சியகமாக உள்ளது.

நினைவும் மறதியும்

சைமன்ஸ் டவுன் துறைமுகம், சைமன்ஸ்பெர்க் மலை, ஸ்டெல்லன்போஷ் ஆகியவை இவர் பெயரைத் தாங்கியுள்ளன. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1959 இல் தொடங்கப்பட்ட அமைப்புக்கும் இவர் பெயரே இடப்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1950 இல், மக்கள் அனைவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இயற்றப்பட்டிருந்தது. இந்தியப் பாட்டியின் பேரனான சைமன் அச்சட்டத்தின்படி வெள்ளையராக ஏற்கப்பட்டிருப்பாரா, தாம் நிறுவிய நகரில் விரும்பிய தெருவில் குடியிருக்க அனுமதிக்கப்பட்டிருப்பாரா என்பது ஐயத்துக்குரியது. 1994 இல் இனவொதுக்கல் ஆட்சி முடிவுற்ற பின்னரே இவரது பிறப்பு பற்றிய செய்தி பரவலாக எழுதப்பட்டது.

பயணப் பாதை

இவருடன் தொடர்புடைய இடங்களைக் கேப் டவுனிலிருந்து சாலை வழியே காணலாம். அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே சென்றால் ஹவுட் குடா வரும். அங்கிருந்து நூர்ட்ஹூக் வரை செல்லும் சாப்மன் முகட்டுச் சாலை 1922 இல் திறக்கப்பட்டது. செங்குத்தான பாறையைக் குடைந்து அமைத்த இச்சாலை 9 கிலோமீட்டர் நீளமும் 114 வளைவுகளும் கொண்டது; கல் சரியும் நாட்களில் மூடப்படும். அதற்கப்பால் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தால் சைமன்ஸ் டவுன். ஹவுட் குடாவிலிருந்து கணவாய் ஏறி மறுபுறம் இறங்கினால் குரூட் கான்ஸ்டான்ஷியா. ஸ்டெல்லன்போஷ் கேப் டவுனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடக்கே செல்லும் என்7 நெடுஞ்சாலை, 1685 இல் மாட்டு வண்டிகள் சென்ற நிலப்பகுதி வழியாகவே பெரும்பாலும் செல்கிறது. ஸ்பிரிங்பொக் அருகே சைமனின் ஆட்கள் தோண்டிய குழி ஒன்று நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.